சுரங்கம் வருவதற்கு முன்: ஒரு வட்டாரத்தின் பறவைகளையும் காட்டுயிர்களையும் கணக்கெடுப்பது எப்படி

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனது. அதன் பரப்பு 2015.51 ஹெக்டேர். அதற்குள்தான் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதி இருந்தது. அந்தத் தலத்தின் பரப்பு 193.42 ஹெக்டேர், அதாவது தொகுதியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டிசம்பர் இறுதியில் மத்திய அரசு, மரபுத் தலத்தை விட்டுவிட்டுத் தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது.

முடிவு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஒரு மாதத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அப்போது பேச்சு முழுக்கப் பதிவுகள் இருந்த அந்தப் பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே நடந்தது. சுமார் 250 பறவையினங்கள், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு, தேவாங்கு, எறும்புத்தின்னி என்று பட்டியல் இருந்த இடத்துக்கு ஒரு கோடு கிழிக்க முடிந்தது. மீதி ஒன்பது பங்கில் கண்மாய்களும் வயல்களும் தரிசும் கரடும் இருக்கின்றன. குன்றில் கூடு கட்டும் லகர் வல்லூறு இரை தேடுவது அந்தத் திறந்த வெளியில்தான். அங்கே பதிவு இல்லையென்றால், பறவைக்குக் கூட்டை மட்டும் விட்டுவைத்து உணவை எடுத்துக்கொள்ளும் திட்டம் காகிதத்தில் நியாயமாகவே தெரியும்.

இந்த வழிகாட்டி அந்த ஒன்பது பங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உதாரணங்கள் மேலூர் வட்டாரத்தவை. குன்றும் கண்மாயும் உள்ள எந்தத் தென்மாவட்ட ஊரிலும் அப்படியே பொருந்தும்.

இன்னொன்று. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக்கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றுக்கான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. டங்ஸ்டன் அந்தக் கனிமப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே, "கூட்டம் அறிவிக்கட்டும், பிறகு தரவு சேகரிக்கலாம்" என்று காத்திருக்க இனி இடமில்லை. கணக்கெடுப்பு முழுமையாக ஓராண்டு கேட்கும். வதந்தி கிளம்பும் நாளே தொடங்குவதற்கு ஏற்ற நாள்.

வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

முன்மொழியப்பட்ட எல்லையை முதலில் கையில் வாங்குங்கள். ஏல ஆவணங்களில் எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். விண்ணப்பம் சுற்றுச்சூழல் அனுமதி நிலைக்கு வந்துவிட்டால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில், எல்லைக் கோட்டை வரைபடத்தில் காட்டும் கேஎம்எல் கோப்பு கிடைக்கும். அதை கூகுள் எர்த்தில் திறந்து, கிராம வருவாய் வரைபடத்துடன் ஒப்பிட்டு, எந்தக் கண்மாய், எந்தப் புறம்போக்கு, எந்தச் சுனை உள்ளே விழுகிறது என்று பாருங்கள். ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் ஏற்றுவது முக்கியம். "இடம் 14" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே அது எங்கே என்று தெரியாது.

அதிகார மொழியில் சுரங்கக் குத்தகைப் பகுதி மையப் பகுதி. அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் இடைப் பகுதி. அனுமதி கேட்கும் சுரங்க நிறுவனத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இரண்டுக்கும் தனித்தனியாக உயிரினப் பட்டியல் தரவேண்டும். நீங்களும் அதே பிரிப்பைப் பின்பற்றுங்கள். பின்னால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடியும்.

மையப் பகுதியை 500 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரியுங்கள். 2015 ஹெக்டேருக்கு ஏறத்தாழ 80 கட்டங்கள் வரும். எல்லாவற்றையும் பார்க்க ஆள் இருக்காது. பாறைக்குன்று, கண்மாயும் அதன் நீர்ப்பிடிப்பும், வயல், முள்காடும் தரிசும் என்று நிலவகையால் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தாறு கட்டங்களைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். குலுக்கல் விளையாட்டல்ல. பறவை அதிகம் தெரியும் இடங்களை மட்டுமே நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால், பதில் அந்தச் சீட்டில் இருக்கிறது.

சுரங்கத்தின் தாக்கம் எட்டாத தொலைவில், அதே நிலவகைகள் கொண்ட ஒப்பீட்டு இடம் ஒன்றும் வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கொக்குகள் குறைந்தால் காரணம் சுரங்கமா, மழை பொய்த்ததா என்பதை ஒப்பீட்டு இடம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

சுரங்கம் என்ன செய்யும் என்பதிலிருந்து கேள்விகளை எடுங்கள்

வெடி வைத்தால் பாறை அதிரும், அப்போது பாறை விளிம்பில் முட்டையிடும் பறவைகள் எவை? குழியில் ஊறும் நீரை இறைத்தால் நிலத்தடி நீர் இறங்கும், அப்போது வற்றப்போகும் சுனைகளை நம்பியிருப்பவை எவை? தூசி காற்றோடு போகும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும், ஐப்பசி தொடங்கி வடகிழக்கிலிருந்தும் காற்று வருவதால் இரண்டு திசைகளிலும் கட்டங்கள் வேண்டும். இரவு வெளிச்சம் தேவாங்கையும் பக்கி என்னும் இராப்பறவையையும் வௌவாலையும் பாதிக்கும். லாரிச் சாலை பாம்பையும் ஆமையையும் முயலையும் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்மாய்த் தொடர். மேல் கண்மாயின் வரத்துக் கால்வாய் அடைபட்டால், குத்தகை எல்லைக்கு மூன்று ஊர் தள்ளி இருக்கும் கீழ்க் கண்மாயும் காயும். வரைபடத்தில் ஓடைகளைக் கீழ்நோக்கிப் பின்தொடர்ந்து சென்று, கடைசிக் கண்மாய் வரை கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி

பட்டா நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதம், காப்புக்காட்டுக்கு வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி. வலை விரித்துப் பறவை பிடிப்பது, பொறி வைத்து எலியோ பல்லியோ பிடிப்பது எல்லாம் உரிய அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. பார்த்தும் கேட்டும் தடம் படித்தும் செய்யும் கணக்கெடுப்பே போதுமான வலுவுடையது. கணக்கெடுப்பு தொடங்குவதை ஊராட்சித் தலைவருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.

எந்த மாதத்தில் எதை

நிறுவனத்தின் அறிக்கையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்லும், சுரங்கங்களுக்கான தரநிலை ஆய்வு வரையறை, மழையல்லாத ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு போதும் என்கிறது. அதற்கு உதாரணமாகக் காட்டும் பருவங்களில் ஒன்று, "மழைக்குப் பிந்தைய காலம்" என்ற பெயரில் வரும் அக்டோபர் முதல் டிசம்பர். மதுரையில் அதுதான் அடைமழைக் காலம்! மற்றொன்று மார்ச் முதல் மே. அப்போது வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை கிளம்பியிருக்கும், பல கண்மாய்கள் பாளமாக வெடித்துக் கிடக்கும், தவளைகள் மண்ணுக்குள் இருக்கும். கோடையில் மட்டும் எடுத்த கணக்கை வைத்து "நீர்ப்பறவைகள் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை" என்று எழுதினால் அது பொய்யாகவும் இருக்காது. உங்கள் ஓராண்டுத் தரவின் மதிப்பு இங்கேதான்.

மேலூர்ப் பக்கத்துக்கு நாட்காட்டி ஏறத்தாழ இப்படி அமையும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வறட்சிக் கணக்கு. எந்தச் சுனையில் கடைசி வரை நீர் நிற்கிறது, அங்கே யார் குடிக்க வருகிறார்கள் என்பது இந்த மாதங்களில்தான் தெரியும். செப்டம்பர், அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். ஆறுமணிக்குருவி போன்றவை தங்காமல் கடந்துபோவதும் இப்போதுதான். அக்டோபர், நவம்பரின் முதல் நல்ல மழைகள் தவளைகளுக்கும் நட்சத்திர ஆமைக்கும் உரியவை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கண்மாய்க் கணக்கு. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நாட்களோடு உங்கள் நாளைப் பொருத்திக்கொண்டால் மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட வசதி. மார்கழி முதல் பங்குனி வரை குன்றின் வேட்டைப் பறவைகளைக் கவனிக்கவேண்டும். மார்ச் முதல் மே வரை நிறுவனத்தின் குழுவும் வரக்கூடிய காலம் என்பதால் அதையும் விடாதீர்கள். ஒரே மாதத்தில் இரு தரப்பும் எடுத்த தரவு ஒத்துப்போனால், மற்ற மாதங்களில் நீங்கள் சொல்வதன் நம்பகம் கூடும்.

பறவைகள்: நின்று எண்ணுவது, நடந்து எண்ணுவது

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி. புள்ளிகளுக்கிடையே குறைந்தது 250 மீட்டர் இடைவெளி. விடிந்ததிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். புள்ளிக்கு வந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், உங்கள் வருகையால் எழுந்த கலவரம் அடங்கட்டும். பிறகு பத்து நிமிடம். பார்த்ததையும் கேட்டதையும் 50 மீட்டருக்குள், 50 முதல் 100 வரை, அதற்கு அப்பால் என்று மூன்று வளையங்களாகப் பிரித்து எழுதுங்கள். தலைக்கு மேல் பறந்துபோனவை தனி. ஒரு காலையில் எட்டுப் புள்ளிகளுக்கு மேல் பேராசைப்பட வேண்டாம். வெயில் ஏறியபின் எடுக்கும் கணக்கில் இல்லாத பறவைகள், ஊரில் இல்லாத பறவைகள் அல்ல. பலத்த காற்றிலும் மழையிலும் எண்ணாதீர்கள்.

எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். புள்ளிகளைச் சுற்றும் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் புள்ளிக்கு எப்போதும் விடியலும் கடைசிப் புள்ளிக்கு எப்போதும் வெயிலும் அமைந்துவிடும்.

திறந்த தரிசிலும் வயலிலும் நடைக்கோட்டு முறை இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒரு கிலோமீட்டர் நேர்க்கோடு. மெதுவாக நடந்து, ஒவ்வொரு பறவையையும் முதலில் கண்ட இடத்திலிருந்து உங்கள் கோட்டுக்கு எவ்வளவு செங்குத்துத் தொலைவு என்று குறிக்கவேண்டும். கௌதாரி எழுந்து பறந்துபோய் உட்கார்ந்த இடத்தை அல்ல, எழுந்த இடத்தை. தொலைவைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். தொடங்குமுன் ஒரு மாலை, மைதானத்தில் 25, 50, 100 மீட்டரில் கம்பு நட்டுப் பழகுங்கள். இந்தத் தொலைவுகளிலிருந்துதான் அடர்த்தியைக் கணிக்கமுடியும். அதற்கு ஓர் இனத்துக்கு 60 முதல் 80 பதிவுகளாவது தேவைப்படும். ஆட்காட்டிக்கும் கரிச்சானுக்கும் பனங்காடைக்கும் அது கிடைக்கும், வல்லூறுக்குக் கிடைக்காது. அரிய பறவைக்கு அடர்த்தி கணக்கிடாமல், "இத்தனை மணி நேரக் கவனிப்பில் இத்தனை முறை" என்று சொல்வதே நேர்மை.

சாதாரணப் பறவைகளைச் சலிப்போடு எழுதாதீர்கள். அரிய ஒன்றைத் தேடி ஓடும் ஆர்வலர்கள் மைனாவையும் உண்ணிக்கொக்கையும் "பல" என்று எழுதிவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். தூசியும் இரைச்சலும் முதலில் காட்டிக்கொடுப்பது இவற்றின் எண்ணிக்கையில்தான். "பல" என்ற சொல்லை எந்தப் புள்ளியியலாளரும் கூட்டிப் பார்க்கமுடியாது.

கண்மாயில்

வெயில் முதுகில் படும்படி கரையில் நின்று எண்ணுங்கள். தொடராக உள்ள கண்மாய்களை ஒரே காலையில், வெவ்வேறு குழுக்கள் ஒரே நேரத்தில் எண்ணவேண்டும். இல்லாவிட்டால் மேல் கண்மாயில் எண்ணிய கூழைக்கடா கூட்டமே கீழ்க் கண்மாயிலும் உங்கள் தாளில் இறங்கும். பெரிய கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, மற்றதைப் பத்துப் பத்தாக அளந்து செல்லலாம். நீர் எவ்வளவு இருக்கிறது என்பதையும் முழுமை, பாதி, கால், வறண்டது என்று எழுதுங்கள். நீர்மட்டம் இல்லாத நீர்ப்பறவைக் கணக்கால் யாருக்கும் பயனில்லை. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தால், கூடுகளைக் கரையிலிருந்தே எண்ணுங்கள். மாலையில் அடைய வரும் கூட்டங்களுக்கு ஒரு தனி நாள் ஒதுக்குங்கள்.

பாறை முகப்பில்

வேட்டைப் பறவைகளுக்குப் புள்ளிக் கணக்கு போதாது. குன்றின் செங்குத்து முகம் முழுவதும் தெரியும் இடத்தில், 400, 500 மீட்டர் தள்ளி அமர்ந்து, மூன்று நான்கு மணி நேரம் பார்வையை எடுக்காமல் இருக்கவேண்டும். சாதாரண இருநோக்கி போதும், முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இருந்தால் நல்லது. பாறை விளிம்பில் சுண்ணாம்பு வழிந்ததுபோல எச்சம் தெரியும். அது புறாவுடையதாகவும் கொம்பன் ஆந்தையுடையதாகவும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து வல்லூறு என்று எழுதாதீர்கள். ஆண் பறவை இரையோடு வந்து நடுவானில் பெட்டைக்குக் கைமாற்றுவது, ஒரே விளிம்புக்குத் திரும்பத் திரும்ப வருவது, பிற கழுகுகளைத் துரத்துவது ஆகியவை இனப்பெருக்கத்தின் அடையாளங்கள். நேரம், திசை, செயல் மூன்றையும் எழுதுங்கள். அது எந்தத் திசையில் இரை தேடப் போகிறது என்பது உங்கள் அறிக்கையின் மிக முக்கியமான அம்புக்குறி.

நெருங்கக் கூடாது. தாய் எழுந்துவிட்டால் பங்குனி வெயிலில் முட்டை வெந்துவிடும், காக்கையும் காத்திருக்கும். டிரோன் கூடவே கூடாது. குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இனப்பெருக்கக் காலத்தில் வேண்டாம்.

பொழுது சாய்ந்ததும் அதே இடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள். கொம்பன் ஆந்தையின் குரல் அப்போதுதான் எழும். பக்கிகளும் கூப்பிடத் தொடங்கும். குகைகளிலிருந்து வௌவால்கள் வெளியேறுவதை வாசலுக்கு வெளியே நின்று எண்ணலாம். உள்ளே போகாதீர்கள், அது அவற்றுக்கும் கேடு, உங்களுக்கும் கேடு.

இரவும் தடமும்

தேவாங்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய தலைவிளக்கு போதும். மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகாத நடை, முள்மரங்களின் நடுப்பகுதியில் விளக்கு. கண்கள் ஆரஞ்சு நிறத்தில், இரண்டும் முன்னோக்கி, அருகருகே மின்னும். தரையில் ஒற்றையாக மின்னுவது பெரும்பாலும் பக்கி. புல்லுக்குள் நூறு நூறாகப் பச்சையும் நீலமுமாகச் சிமிட்டுவது ஓநாய்ச் சிலந்திகள், புதிதாக வருபவர்கள் முதல் இரவில் அவற்றைப் பார்த்துத்தான் திகைப்பார்கள். கண்ட தேவாங்கின் எண்ணிக்கையோடு நடந்த கிலோமீட்டரையும், அது இருந்த மரத்தையும் எழுதுங்கள். பாம்புக்கடிக்கு அஞ்சிக் கணுக்கால் மூடிய செருப்பணியுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

எறும்புத்தின்னியை நேரில் காண்பது அரிது. கறையான் புற்றில் ஆழமாக, நக வரிகளோடு தோண்டிய தடம், புதுமண் குவிந்த வளை இவையே சான்று. முள்ளம்பன்றி வளையின் வாயில் முட்களும் கடித்த எலும்புகளும் கிடக்கும். ஐயம் இருந்தால் எதிரே ஒரு தானியங்கி கேமரா.

கேமராவை 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில், வடக்கையோ தெற்கையோ நோக்கிக் கட்டுங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் காலையும் மாலையும் சூரியனை மட்டுமே படம் பிடிக்கும். முன்னால் அசையும் புல்லை வெட்டிவிடுங்கள். ஓரிடத்தில் குறைந்தது 20 இரவுகள். கட்டுமுன் அந்தப் பாதையில் ஊர்ப் பெண்கள் ஒதுங்கப் போகிறார்களா என்று ஊரில் கேளுங்கள். போகிறார்கள் என்றால் அங்கே கேமரா கிடையாது. மற்ற இடங்களில் மனிதர் பதிவான படங்களைப் பார்த்தவுடன் அழித்துவிடுவோம் என்று மந்தையில் சொல்லி, அப்படியே செய்யுங்கள். காட்டுப்பூனை, மரநாய், கீரி, குள்ளநரி, முயல் எல்லாம் கேமராவிலும், ஓடை மணலின் தடத்திலும் எச்சத்திலும் கிடைக்கும்.

தவளைகளுக்கு முதல் மழை இரவுகளில் ஒவ்வொரு சுனையிலும் ஐந்து நிமிடம் அலைபேசியில் குரல் பதிவு செய்தால் போதும், இனம் பிரிக்கத் தெரிந்தவர் பிறகு கேட்டுச் சொல்வார். பாம்புகளையும் உடும்பையும் தேடிக் கல் புரட்டவேண்டாம். இப்போதிருக்கும் குவாரிச் சாலையில் விடியற்காலையில் சென்று, அடிபட்டுக் கிடப்பவற்றை மாதந்தோறும் எண்ணுங்கள். லாரிகள் பெருகும்போது ஒப்பிட வேறு எந்த எண்ணும் இருக்காது. பட்டாம்பூச்சிக்கு முற்பகல் நடையில், இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டருக்குள் தெரிவதை மட்டும் எண்ணுவது வழக்கம்.

ஊராரிடம் கேட்பது

ஆடு மேய்ப்பவர், கிடை போடுபவர், தேன் எடுப்பவர், கண்மாயில் மீன்பிடிக்கும் குத்தகைதாரர் ஆகியோருக்குத் தெரிந்ததில் பாதி உங்களுக்கு ஓராண்டில் தெரிய வராது. ஆனால் கேட்கும் முறை இருக்கிறது. "அய்யா, இங்கே எறும்புத்தின்னி உண்டுதானே?" என்று கேட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதென்று "உண்டு" என்பார்கள். படங்களை மட்டும் நீட்டி, "இதில் எதைப் பார்த்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது, எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். படங்களுக்கிடையே இந்த வட்டாரத்தில் இருக்கவே முடியாத ஒன்றையும் கலந்து வையுங்கள், உதாரணமாகச் சிங்கவால் குரங்கு. அதையும் பார்த்ததாகச் சொல்பவரின் மற்ற பதில்களைத் தனியே வைக்கவேண்டும், மரியாதை குறையாமல். பெரியவர்கள் நினைவில் இருந்து இப்போது காணாமற்போன உயிரினங்களையும் எழுதுங்கள். வாய்மொழித் தகவலை நேரடிப் பதிவோடு ஒருபோதும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

தாளும் கோப்பும்

ஒவ்வொரு படிவத்திலும் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஜிபிஎஸ் புள்ளி, பார்த்தவர்களின் பெயர், மேகம், காற்று, இரைச்சல். பிறகு இனம், எண்ணிக்கை, தொலைவு, செயல். எதுவும் காணாத நாளுக்கும் படிவம் உண்டு. "பத்து நிமிடம் நின்றோம், ஒன்றுமில்லை" என்ற வரிதான் மற்ற வரிகளை நம்பவைக்கிறது. அடையாளம் ஐயமாக இருந்தால் "வல்லூறு, இனம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி ஒரு பெயரைச் சொன்னது என்பது சான்றாகாது. அது எழுப்பிய ஐயத்தைக் கண்ணாலோ குரல் பதிவாலோ நீங்கள் உறுதிப்படுத்தவேண்டும்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து உதிர்ந்துவிடும். அசல் கோப்புகளைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். படிவங்களை அன்று மாலையே படமெடுத்துக்கொள்ளுங்கள். பறவைக் கணக்கை இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்திலும் முழுப் பட்டியலாக ஏற்றினால், என்றைக்குப் பதிவானது என்பதற்குப் பொதுவெளிச் சான்று கிடைக்கும். வல்லூறின் கூடு, எறும்புத்தின்னி வளை, தேவாங்கு இருக்கும் மரம், நட்சத்திர ஆமை ஆகியவற்றின் சரியான இடம் மட்டும் எங்கும் வெளியே போகக் கூடாது. சில இனங்களின் இடத்தை அந்தத் தளம் தானே மறைக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. சுரங்கத்திலிருந்து காப்பாற்றப் போய்க் கள்ளவேட்டைக்காரருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர்களாகிவிடக் கூடாது. பொது அறிக்கையில் கட்ட எண் போதும், துல்லியமான புள்ளிகள் வனத்துறைக்கு மூடிய உறையில்.

எண்களிலிருந்து அறிக்கைக்கு

மொத்த இன எண்ணிக்கையை முகப்பில் போட ஆசை வரும். போடுங்கள், அதிலேயே நின்றுவிடாதீர்கள். எத்தனை காலைகளுக்குப் பிறகு புதிய இனங்கள் சேர்வது மெலிந்தது என்று ஒரு வளைகோடு வரைந்து காட்டுங்கள். கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் கணக்கெடுப்பு முடியவில்லை என்று பொருள், அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். நிலவகை வாரியாக, மாத வாரியாக அட்டவணைகள். மரபுத் தலம் போன்ற ஏற்கெனவே காக்கப்பட்ட பகுதிக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று தனி அட்டவணை. மேலூரில் மறு ஆய்வுப் பேச்சு வந்த மாதத்தில் தேவைப்பட்டது சரியாக இந்த ஓர் அட்டவணைதான்.

ஒவ்வோர் இனத்துக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் எந்த அட்டவணை என்று குறிக்கவேண்டும். 2022 திருத்தத்துக்குப் பின் ஆறு அட்டவணைகள் நான்காகிவிட்டன. எறும்புத்தின்னி, தேவாங்கு, லகர் வல்லூறு, மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை, மயில் எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. முதல் அட்டவணை உயிரினம் இருந்தால், வனத்துறையைக் கலந்து, நிதி ஒதுக்கீட்டோடு ஒரு பாதுகாப்புத் திட்டம் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை.

இந்தத் திருத்தம் இன்னொரு வகையிலும் கைகொடுக்கும். நிறுவனத்தின் வரைவு அறிக்கை உள்ளூர் மைனா, கொக்குகளை எல்லாம் "அட்டவணை 4" என்று குறித்திருந்தால், அது பழைய அறிக்கை எதிலிருந்தோ எடுத்து ஒட்டியது. இப்போதைய நான்காம் அட்டவணை அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தப் (சைட்டிஸ்) பட்டியலில் உள்ள இனங்களுக்கானது. கணக்கெடுத்த நாட்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா, எத்தனை புள்ளிகள், எத்தனை மணி நேரம், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் பறவை மேலூர்த் தரிசில் தலைகாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

எங்கே கொடுப்பது

உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் முதலில். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் தரவு ஏறினால் அது அரசு ஆவணமாகிவிடும். குழு பெயரளவில்தான் இருக்கிறது என்றால், கூட்டம் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் நாட்கள் இருக்கின்றன. அறிக்கையைச் சபையில் வாசித்து, தீர்மானத்தோடு இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், மாநிலப் பல்லுயிர் வாரியம் ஆகியோருக்குப் பதிவுத் தபாலில் படிகள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு என்றால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வரும், வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். கூட்டத்தில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பேசும்போது ஒரே ஒரு வரைபடத்தை மட்டும் காட்டுங்கள். கூட்டம் இல்லை என்றால் அதே ஆவணம், அனுமதி விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டுக் குழுவுக்கு நேராகப் போகவேண்டும், விண்ணப்பம் அங்கே விவாதத்துக்கு வரும் தேதியைப் பரிவேஷ் தளத்தில் வாரந்தோறும் பார்ப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம், அதற்கு மேல் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அழகாக அச்சிட்ட அறிக்கையை அல்ல, மூலப் படிவங்களையும் அசல் படக் கோப்புகளையும். திட்டம் கைவிடப்பட்டாலும் அவற்றை எடைக்குப் போடாதீர்கள். எல்லையைச் சற்று நகர்த்தி வேறு பெயரில் ஒரு தொகுதி மீண்டும் ஏலத்துக்கு வருவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, அதே ஜனவரியில், அதே கண்மாய்களில், அதே புள்ளிகளில் எண்ணிக்கொண்டே இருங்கள்.